யாழ்ப்பாணத்தில் இரவுப் பல்லி தேடுகிறவர்களுக்கு: அனுமதி, சாமான், நேரம், இடம்

ரோச் லைற்றும் ஆர்வமும் போதும் என்று இறங்குகிறவர்களுக்கு வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். ஒழுங்கையில் வெளிச்சம் அடித்ததற்கு அயலவர்கள் கூடிக் கேள்வி கேட்பார்கள். இல்லாவிட்டால் சந்தி லைற்றுக்குக் கீழே ஒரே இனத்து வீட்டுப் பல்லியையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "இங்கே வேறு ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முதலாவது, யாருக்கும் சொல்லாமல் போவதால் வருவது. இரண்டாவது, எந்தப் பல்லி எங்கே இருக்கும் என்று தெரியாமல் போவதால் வருவது. இந்தக் குறிப்பு இரண்டுக்குமாக எழுதியது. பல்கலைக்கழகச் செயற்திட்டத்துக்குப் போகிறவர், உயர்தர உயிரியல் மாணவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்த புலம்பெயர்ந்தவர் எல்லோருக்கும் படிகள் ஒன்றுதான்.

1. பார்ப்பதா, பிடிப்பதா என்று முதலில் தீர்மானியுங்கள்

மற்ற எல்லாம் இந்தத் தீர்மானத்தில்தான் தொங்குகிறது. பொது வீதியில் நின்றோ, சொந்தக்காரர் சம்மதித்த வளவுக்குள் நின்றோ பார்த்துப் படம் எடுப்பதற்கு வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி தேவைப்படாது. பிடிப்பது, அளப்பதற்காகப் போத்தலில் அடைப்பது, வால் துண்டு எடுப்பது, முட்டை எடுப்பது என்று ஒரு படி தாண்டினாலும் கதை வேறு. இலங்கையில் ஊர்வனவற்றின் பாதுகாப்பு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. மாதிரி சேகரிக்கும் எந்த ஆய்வுக்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதன் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. விண்ணப்பம் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. மாதக் கணக்கில் ஒதுக்குங்கள். களவேலை தை மாதம் என்றால் ஆவணியிலேயே கடதாசி போயிருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் ஆலோசனை: முதல் ஒரு வருடம் கையை வைக்கவே வேண்டாம். குடாநாட்டு இரவுப் பல்லிகளை இனம் பிரிப்பதற்கு வேண்டிய அடையாளங்களில் பெரும்பாலானவை தொடாமலே படத்தில் வரும். எப்படி என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். உரிந்த தோல், செத்த பல்லி, பொரித்த முட்டைக் கோது என்று எதையும் "குப்பைதானே" என்று பையில் போட்டு விமான நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அனுமதியில்லாத உயிரின மாதிரி என்றுதான் அது கணக்கில் வரும்.

2. கையில் இருக்க வேண்டிய கடதாசிகள்

தேசிய அடையாள அட்டை, அல்லது கடவுச்சீட்டும் அதன் போட்டோப் பிரதியும். மாணவர் என்றால் துறைத் தலைவரோ அதிபரோ கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம். அதில் என்ன பார்க்கிறீர்கள், எந்தக் கிராமம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எத்தனை மணிக்கு என்பவை தெளிவாக இருக்க வேண்டும். "சுற்றாடல் ஆய்வு" என்று மொட்டையாக எழுதிய கடிதத்தை இரவு பத்து மணிக்கு ரோந்து வருகிறவர்களிடம் நீட்டினால் மேலும் கேள்விதான் வரும்.

கிராம அலுவலரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை அவரிடமும், ஒன்றை அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், தலையில் லைற், மதிலை எட்டிப் பார்க்கிறார்கள் என்றால் எந்த ஊரும் பயப்படத்தான் செய்யும். நீங்கள் நிற்கப்போகிற ஒழுங்கையில் இரண்டு மூன்று வீட்டுக்காரருக்காவது பகலிலேயே முகத்தைக் காட்டி வையுங்கள். பல்லி பார்க்க வந்தது என்றால் முதலில் சிரிப்பார்கள். பிறகு தங்கள் குசினிக்குள் நிற்கிற பெரிய பல்லியை அவர்களே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

கோயில் வளவு என்றால் பரிபாலன சபையிடம் கேட்க வேண்டும். அர்த்தசாமப் பூசை முடிந்த பிறகு, வெளிவீதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. யாழ்ப்பாணக் கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் கீழ் உள்ளது. அதன் முருகைக்கல் சுவர்கள் ஆசை காட்டும். இரவில் உள்ளே நிற்பதற்குத் தனி அனுமதி இல்லாமல் போகாதீர்கள். நெடுந்தீவின் ஒரு பகுதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசிய பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அந்த எல்லைக்குள் வெறுமனே படம் எடுப்பதென்றாலும் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். படைமுகாம் வேலி, கடற்படைக் காவலரண் இருக்கிற பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

3. சாமான்களும் செலவும்

பெரிய செலவு தலையில் கட்டுகிற லைற் ஒன்றுதான். நல்லது சில ஆயிரம் ரூபா ஆகும். மலிவானதை வாங்கினால் ஒரு மணித்தியாலத்தில் மங்கிவிடும். அந்த நேரம் நீங்கள் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவதாக, கையில் பிடிக்கிற சின்ன ரோச் ஒன்று.

சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு, றப்பர் பாண்ட் ஒன்று. பல்லியின் கண் நீலம், பச்சை, புற ஊதா ஒளிகளை நன்றாகப் பிடிக்கும். சிவப்பு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். வெள்ளை வெளிச்சத்தில் ஓடி ஒளிகிறது, சிவப்பு வெளிச்சத்தில் விட்டில் பிடிப்பதை நிறுத்தாமல் தொடரும். தேடும்போது வெள்ளை, கண்ட பிறகு சிவப்பு, படம் எடுக்கும் கணத்தில் மட்டும் மீண்டும் வெள்ளை. இந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ளுங்கள்.

மில்லிமீற்றர் போட்ட பிளாஸ்ரிக் அடிமட்டம், பென்சில், கடின மட்டைக் கொப்பி. பேனை மார்கழிப் பனியில் எழுதாது. தெர்மாமீற்றர் ஒன்று இருந்தால் நல்லது. காலுக்கு மூடிய சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் கட்டாயம், செருப்போடு போகாதீர்கள். கமரா என்று தனியாக வாங்கத் தேவையில்லை. கிட்டத்தில் தெளிவாக எடுக்கிற கைத்தொலைபேசி போதும். பிளாஷ் வெளிச்சம் தோலில் பட்டு வெள்ளையாக எரியாமலிருக்க, அதற்கு முன்னால் ஒரு படை ரிஷ்யூ ஒட்டினால் சரி.

4. மாதமும் மணியும்

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. அடை மழைக்குள் போவது வீண். ஆனால் மழை விட்ட அடுத்த இரவு, ஈசல் பறக்கிற இரவு, இதை விடக் கூடாது. பல்லிகள் வழக்கமாக நிற்கிற உயரத்தை விட்டு இறங்கித் தரைவரை வந்து தின்னும். மாசி, பங்குனி மாதங்கள் தொடக்கக்காரருக்கு மிக வசதியானவை: மழை இல்லை, காற்று இல்லை, சூடும் தாங்கக்கூடியது. வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கத் தொடங்கினால் திறந்த வெளியில் பூச்சி நிற்காது. பூச்சி இல்லாத இடத்தில் பல்லி இல்லை. அந்த மாதங்களில் காற்று மறைந்த பக்கத்துச் சுவரையே பாருங்கள்.

குடாநாட்டில் சூரியன் மறைவது மாதத்தைப் பொறுத்து மாலை ஆறுக்குச் சற்று முன்னிருந்து ஆறரை தாண்டும் வரை. இருட்டி அரை மணித்தியாலத்தில் தொடங்கி ஒன்பதரை, பத்து வரை நல்ல நேரம். முதலில் மேற்குப் பார்த்த சுவர்களுக்குப் போங்கள். பின்னேர வெயில் குடித்த கல்லும் சீமெந்தும் இருட்டிய பிறகும் சூட்டை வைத்திருக்கும். பல்லிக்குச் சொந்தச் சூடு இல்லாததால் வயிற்றைச் சுவரோடு அழுத்தி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டுதான் இரைக்குப் புறப்படும். கிழக்குச் சுவரை எட்டு மணிக்குப் பிறகு பார்க்கலாம்.

5. எது எங்கே இருக்கும்

இதை ஊன்றிப் படியுங்கள். லைற்றுக்குக் கீழே மட்டும் பார்த்தால் ஒரு இனந்தான் கிடைக்கும்.

விறாந்தை ரியூப் லைற்றைச் சுற்றி, பாதை விளக்குத் தூணில், கடை முகப்பில் நிற்பது பெரும்பாலும் வழக்கமான வீட்டுப் பல்லி, விஞ்ஞானப் பெயர் ஹெமிடக்டிலஸ் ஃப்ரெனாட்டஸ். முதுகு ஏறத்தாழ வழவழப்பு. அசல் வாலில் வளையம் வளையமாகச் சின்ன முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். "டிச், டிச், டிச்" என்று சொல்வது இதுதான். பஞ்சாங்கத்தில் சொற்பலன் பார்க்கிற ஊரில் நான் சொல்லி என்ன, ஆனாலும் அது மற்றப் பல்லிக்குச் சொல்கிற எல்லைக் கணக்கு. வெளிச்சத்தில் பூச்சி ஒரே இடத்தில் குவிவதால், அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதில் இதற்கு நிகர் இல்லை. பசிபிக் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்த இதே இனம் அங்குள்ள சிறிய பல்லிகளை விளக்கடியிலிருந்து ஒதுக்கிவிட்டது.

அதே மதிலில் வெளிச்சம் குறைந்த கீழ்ப்பகுதி, படலைத் தூணின் அடி, கல்லுக் குவியல், குசினிப் பின்பக்கம். இங்கே ஹெமிடக்டிலஸ் பார்விமாக்குலாட்டஸ் நிற்கும். முதுகில் வரிசை வரிசையாகக் கரடுமுரடான பருக்களும், கரும்புள்ளிகளும். தரையில் இறங்கி ஓடத் தயங்காது. வீட்டுப் பல்லிதானே என்று கடந்து போகிற பலர் இதைத்தான் கடந்து போகிறார்கள்.

கெஹைரா மியூட்டிலாட்டா: வீட்டுக்குள், அலுமாரிப் பின்பக்கம், கதவு நிலை இடுக்கு. கொழுத்த, வெளிறிய, சற்றுத் தட்டையான உடம்பு. உள்விரலில் நகம் இல்லை என்பதுதான் உறுதியான அடையாளம். இதைப் பிடித்தால் தோலே கழன்று கையோடு வந்துவிடும். எதிரியின் வாயிலிருந்து தப்ப அது வைத்திருக்கிற உபாயம் உங்கள் கையிலும் வேலை செய்யும். தொடாதே என்று சொல்வதற்கு இன்னொரு காரணம்.

பனை, வேம்பு, புளி, இலுப்பை: மரத்தண்டில் நிற்கிற பெரிய பல்லி ஹெமிடக்டிலஸ் லெஷெனால்ட்டி. மூக்கு முதல் கழிவாய் வரை எட்டு சென்ரிமீற்றர் வரை வளரும். சாம்பல் நிறத்தில் அலை அலையான கருங்கோடுகள். பட்டையோடு பட்டையாகக் கிடக்கும்போது ஒரு அடி தூரத்தில் நின்றும் தவறவிடுவீர்கள். பனையில் தேடுவதானால் காவோலை வெட்டாமல் விட்ட மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கங்குமட்டைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடுக்குத்தான் பகலில் அதன் வீடு. துப்புரவாகச் சீவிய பனையில் ஒளிய இடமில்லை. லைற்றை நேரே அடிக்காமல் தண்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பல்லியின் நிழல் விழும். உடம்பைக் காணாவிட்டாலும் நிழலைக் காண்பீர்கள்.

கறையான் புற்று, பற்றைக்கரை, கல்லுத் தரை: இது ஹெமிடக்டிலஸ் லங்கே இருக்கும் இடம். பழைய நூல்களில் ட்ரைட்ரஸ் என்ற பெயரின் கீழ் இருக்கும். முதுகுக்குக் குறுக்கே வெள்ளை விளிம்பு கட்டிய கரும்பட்டைகள், குட்டியில் வாலின் கறுப்பு வெள்ளைப் பட்டை எடுப்பாகத் தெரியும். தரைப் பல்லி என்பதால் மதிலை மட்டும் பார்த்து நடக்கிறவர் கண்ணில் ஒருபோதும் படாது. வன்னிக் காட்டுச் சருகுக்குள் திரியும் சிர்ட்டோடக்டிலஸ் யக்குணா இன்னும் சின்னது, விரலில் ஒட்டு மெத்தை கிடையாது, மெல்லிய நகவிரல் மட்டும். அதை வீட்டு வளவில் எதிர்பார்க்காதீர்கள்.

ஒட்டு மெத்தை என்றேன். சுவரில் ஏறுகிற இனங்களின் விரலடியில் தட்டுத் தட்டாக மடிப்புகள் இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியும் நூற்றுக்கணக்கில் கிளைத்திருக்கும். பசை எதுவும் கிடையாது. நுனிகள் சுவருக்கு அவ்வளவு நெருங்குவதால் மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் கவர்ச்சியே பாரத்தைத் தாங்குகிறது என்று 2002இல் பரிசோதித்துக் காட்டினார்கள். களத்தில் இதற்கு ஒரு பயன் உண்டு: உதிர்கிற சுண்ணாம்புச் சுவரில் விரல் ஒட்டுவது தூளில்தான், சுவரில் அல்ல. ஆகவே பழைய வீடுகளில் சுண்ணாம்பு பொரிந்த பகுதியை விட்டுவிட்டு, கல் வெளியே தெரிகிற பகுதி, மரச் சட்டம், நிலை ஆகியவற்றைப் பாருங்கள்.

நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகள் இரவுப் பல்லிக்கு அருமையான இடம். சாந்து இல்லாமல் அடுக்கிய கல்லுக்குள் ஆயிரம் இடுக்கு. ஆனால் குறிகட்டுவானிலிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், இரவில் திரும்பி வர முடியாது. தங்குமிடத்தை முதலே பேசிவிட்டுப் போங்கள். தங்குகிற செலவையும் அடுத்த நாளையும் கணக்கில் சேருங்கள். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். வேலியில் ஒரு கல்லையும் புரட்டாதீர்கள். அது யாரோ ஒருவரின் எல்லை.

6. கண்ட பிறகு: படம் எடுக்கும் ஒழுங்கு

முதல் படம் தூரத்திலிருந்து, அது நிற்கிற இடம் முழுவதும் தெரிய. பிறகு கிட்டப் போய் மேலிருந்து முழு உடம்பு. பக்கத்திலிருந்து தலையும் கண்ணும். வாலின் அடி முதல் நுனி வரை. கடைசியாக முன்கால் விரல்கள். ஓடாமல் நின்றால் மட்டும் அடிமட்டத்தைப் பக்கத்தில் பிடித்து இன்னொன்று.

விரலடி, வயிறு, தொடையடித் துளைகள் இவற்றுக்குப் பல்லியைப் புரட்ட வேண்டியதில்லை. யன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் பல்லி நிற்கும்போது நீங்கள் உள்ளே போய் எடுங்கள். மடிப்புகள் ஒற்றையா, நடுவில் பிளந்து இரட்டையா, உள்விரலில் நகம் உண்டா, ஆணுக்குரிய துளை வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எல்லாம் கண்ணாடிக்கூடாகத் தெளிவாகத் தெரியும். பின்னறையில் லைற் எரிகிற, கண்ணாடி யன்னல் உள்ள ஒரு வீடு, இந்த வேலைக்கு ஆய்வுகூடத்துக்குச் சமம்.

இனம் பிரிப்பதில் எல்லோரும் விழுகிற குழிகள் இவை:

நிறத்தை நம்பாதீர்கள். பகலில் கடும் பழுப்பாகக் கிடந்த அதே பல்லி இரவில் வெள்ளை மதிலில் ஏறினால் வெளிறிவிடும்.

வாலை நம்புவதற்கு முன் அது அசல் வால்தானா என்று பாருங்கள். அறுந்து முளைத்த வாலுக்குள் முள்ளெலும்பு இல்லை, கசியிழையக் கோல்தான். வெளியே முட்கள் இராது, நிறமும் ஒரே சீராக இருக்கும். "வாலில் முள் இல்லை, ஆகவே ஃப்ரெனாட்டஸ் இல்லை" என்று எழுதிய பதிவுகளில் பல, வால் முளைத்த ஃப்ரெனாட்டஸ்தான்.

கண்மணியை முதல் படத்திலேயே பார்த்துவிடுங்கள். இருட்டில் அகன்று வட்டமாகத் தெரிகிற கண்மணி, வெளிச்சம் பட்டதும் நெட்டுக்குத்துக் கீற்றாகச் சுருங்கும். பகற்பல்லிக்குக் கண்மணி எப்போதும் வட்டம். இமை இல்லாததால் பல்லி நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். 

புல்லுக்குள் மின்னுகிற பச்சை நீலப் புள்ளிகளைத் துரத்தாதீர்கள். அவை சிலந்தியின் கண்கள்.

7. பகலில் ஒரு முறை

அதே இடத்துக்கு வெளிச்சத்தில் போய் எச்சம் தேடுங்கள். கறுப்புக் குச்சியும் நுனியில் வெள்ளைக் கட்டியும் இருந்தால் அது பல்லியினது. வெள்ளை என்பது யூரிக் அமிலம். எச்சம் குவிந்த இடத்துக்கு நேர் மேலே ஒளிவிடம் இருக்கும். சுவர் இடுக்கிலும் மீற்றர்ப் பெட்டிக்குப் பின்னாலும் பட்டாணி அளவு வெள்ளை முட்டைகள் இரண்டு இரண்டாக இருக்கும். பல பெட்டைகள் ஒரே இடுக்கில் இடுவதும் உண்டு, அப்போது பழைய கோதும் புது முட்டையும் கலந்து கிடக்கும். படம் மட்டும் எடுங்கள். இடத்தை மாற்றினாலோ உருட்டினாலோ உள்ளே கரு செத்துவிடக்கூடும். எச்சத்தைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், சல்மனெல்லா கிருமி இருக்கலாம். பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டச் சொல்வது அதன் விஷத்துக்காக அல்ல; அதற்கு விஷமே இல்லை.

8. ஆபத்துகள்

பல்லி தேடுகிற இடமெல்லாம் பாம்பு தேடுகிற இடமும்தான். சுருட்டை விரியன் வறண்ட மணலிலும் கல்லுக்குக் கீழும் சுருண்டு கிடக்கும். கண்ணாடி விரியன் தோட்டக்கரையில். காலை வைக்கும் இடத்துக்குத்தான் முதலில் லைற், மதிலுக்குப் பிறகு. இடுக்குக்குள் விரலை விடவே கூடாது. பனையிலும் பழைய மரப்பொந்திலும் புலிமுகச் சிலந்தி இருக்கும். கடி பட்டால் வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். அங்கத்தை அசையாமல் வைத்து 1990க்கு அழைத்து யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

பாவனையில்லாத வளவுகளில் கட்டு இடிந்த கிணறுகள் பற்றைக்குள் மறைந்திருக்கும். பகலில் நடந்து பார்க்காத காணிக்குள் இரவில் நுழையாதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் இல்லை, எந்தப் பல்லியாக இருந்தாலும். ஒருபோதும் தனியே போகாதீர்கள்.

9. பதிவு செய்தல்

வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே எழுதி முடியுங்கள். திகதி, மணி, இடம், சூடு, காற்று, நிற்கும் உயரம், எதில் நின்றது, விளக்கு எவ்வளவு தூரம், எத்தனை. ஒன்றும் காணாத சுவரையும் "இல்லை" என்று எழுதுங்கள். பிறகு ஒப்பிடும்போது அதற்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு சுவருக்கும் ஒரே அளவு நேரம், பதினைந்து நிமிடம் என்று வைத்து, மாதத்துக்கு ஒரு முறை அதே சுவர்களுக்குப் போனால் ஒரு வருடத்தில் மழையும் சோளகமும் செய்கிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இலவசமாகப் பதிவேற்றலாம். இனம் உறுதிப்படுத்த ஆட்கள் இருக்கிறார்கள். தனியார் வீட்டுப் பதிவு என்றால் இடத்தை மறைத்துக் காட்டும் தெரிவைப் போடுங்கள். படத்தை முகநூலில் போட்ட பிறகு "எத்தனை கிராம், எவ்வளவு நீளம், விலை என்ன" என்று உள்பெட்டிக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் விசாரிப்பது கள்ளச் சந்தையில் விலைபோகிற டோக்கே என்ற பெரிய பல்லியை. அது இலங்கையில் இயற்கையாக வாழ்வதில்லை. பதில் எழுதாமல் தடுத்துவிடுங்கள், அடுத்த பதிவில் கிராமத்தின் பெயரையும் எடுத்துவிடுங்கள்.